சிசிலியாவின் மோதிரக் கல்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
20.05.1986

அன்பு மகன் எமிலியானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம், நீயும் லண்டன் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்போடு எழுதுகிறேன். அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி ஏறிச் சலரோகம் கொஞ்சம் கூடிவிட்டது, இப்போது மத்தியானமும் குரக்கன் பிட்டுத்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார். தங்கச்சி ஸ்ரெல்லா சோதனைக்குப் படிக்கிறாள், கோட்டைப் பக்கமிருந்து ஷெல் அடிக்கிற நாட்களில் புத்தகங்களோடு உடுவிலுக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். உன் கடிதமும் நீக்கிலாப்பிள்ளை அங்கிளிடம் நீ கொடுத்துவிட்ட கல்லும் போன கிழமை வந்து சேர்ந்தன. அந்தக் கல்லைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும், அவசரப்படாமல் இருந்து வாசி.

இதை இங்கே மோதிரத்தில் கட்டுவித்து, சிசிலியாவோடு நிச்சயதார்த்தத்தன்று கேட்கிறவர்களுக்கு வைரம் என்று சொல்லுங்கோ, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வருஷமாக இரசாயனம் படிப்பிக்கிறவளுக்கு இப்படி எழுத உனக்குக் கை வந்ததே என்று யோசித்தேன். கன்னாதிட்டியில் நகை செய்கிற ஏரம்புப் பத்தரிடம் போய் ஒரு சின்ன அசல் வைரத்தைப் பக்கத்தில் வைத்து உன் கல்லைப் பார்த்தேன். மூச்சு ஊதினால் வைரத்தில் புகை நிற்காது, உன்னுடையதில் நின்றது. அதே அளவு வைரத்தை விடப் பாரமும் கூட. அது ஆய்வுகூடத்தில் செய்கிற சிர்க்கோனியா. கல்லில் ஒரு பிழையும் இல்லை, வானவில் மாதிரி மின்னுகிறது, விலையும் குறைவு. பார்த்துத் தெரிந்தெடுக்கச் சொல்லிப் பத்தர் வேறு இரண்டு கற்களும் தந்துவிட்டார். ஒன்று மாத்தறை வைரம், பெயரில் மட்டும்தான் வைரம், பூதக்கண்ணாடியால் பார்த்தால் பின்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். மினுக்கம் உண்டு, ஆனால் விளிம்பு நொறுங்கும், இரண்டை ஒரே கடதாசியில் மடித்து வைத்தாலே ஒன்றையொன்று தேய்த்து மழுங்கிவிடும் என்று தனியாகப் பஞ்சில் சுற்றித் தந்தார். மற்றது வெள்ளைப் புஷ்பராகம், இரத்தினபுரிக் கல். மினுக்கம் மூன்றிலும் குறைவு, ஆனால் நாற்பது வருஷம் மீன் வெட்டினாலும் உடுப்புத் தோய்த்தாலும் இலேசில் கீறு விழாது. என் மனம் அதில்தான் நின்றது.

எங்கள் பகுதி வழக்கம் உனக்குத் தெரியும். கோயில் சுவாமி மோதிரத்தை மந்திரிக்க முன்னம் தட்டு பெண் வீட்டார் எல்லாருடைய கையாலும் போய்வரும், ஒவ்வொருவரும் எடுத்துப் பார்த்து என்ன கல்லு என்று கேட்பார்கள். தட்டோடு நிற்கிறவள் நான், பொய் என் வாயால் வர வேண்டும். அது வராது என்று தீர்மானித்து, ஞாயிறு பூசை முடியச் சிசிலியாவின் அப்பா சிமியோன் அண்ணை வீட்டுக்கு மூன்று கற்களோடும் போனேன். அங்கே சிசிலியாவின் அம்மா றோசின் தமையன், அந்த வள்ளத்து இஞ்சின் திருத்துகிற அடைக்கலநாதன், முற்றத்தில் ஒரு இஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பொதியை அவிழ்த்து வாய் திறக்க முன்னமே, லண்டன் வைரம் எதெண்டு காட்டுங்கோ ரீச்சர் என்று உன் கல்லை எடுத்தார், உண்மையான வைரமெண்டால் சுத்தியலுக்கும் உடையாது என்று இஞ்சின் இரும்பில் வைத்து ஒரே அடி. தூளாகிப் போயிற்று. பாத்தியளே, லண்டன் வைரம் கற்கண்டாய்ப் போச்சு என்று சிரித்தார். வைரமும் அப்படி அடித்தால் பிளக்கும், கீறுப்படாததும் உடையாததும் இரண்டு வேறு குணம் என்றேன், அதைப் பள்ளிக்கூடத்திலை சொல்லுங்கோ ரீச்சர் என்றார். ஆனாலும் நீங்கள் உடைத்தது வைரம் இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன், மகன் இரவில் பெற்றோல் அடிக்கிற செட்டில் வேலைக்கு நிற்கிறான், வைரம் வாங்க அவனால் முடியாது, நான் போடப்போவது இந்த வெள்ளைப் புஷ்பராகம் என்று மற்றக் கல்லைக் காட்டினேன். சிமியோன் அண்ணை, அதுக்கென்ன ரீச்சர், நாங்கள் என்ன, பிள்ளையைக் கல்லுக்கே கட்டிக் குடுக்கிறம்? என்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது சிசிலியா உள்ளேயிருந்து உன் கடிதம் ஒன்றோடு வந்தாள். உமக்கு அசல் வைரம் வாங்கி அனுப்பியிருக்கிறன் என்று நீ அவளுக்கு எழுதிய வரியை எனக்குக் காட்டினாள். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பிள்ளை, கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் நாலு வருஷமாய் வேலை செய்கிறாள், அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. ரீச்சர், கல்லு எதெண்டாலும் எனக்கு ஒண்டுதான், ஆனால் தெரியாத ஊருக்கு இவரை மட்டும் நம்பித்தான் பிளேன் ஏறப்போறன், இவர் தன்ரை கையாலை உண்மையை எழுதட்டும், அதுக்குப் பிறகு தட்டைக் கொண்டுவாங்கோ என்றாள். அடைக்கலநாதன் அப்ப உந்தச் சம்பந்தம் என்று தொடங்க, மாமா, நீங்கள் உடைச்சது போதும் என்று ஒரு சொல்லில் நிறுத்திவிட்டாள். நான் உனக்காக ஒரு சொல்லும் பரிந்து பேசவில்லை. நீ சொல்வது சரி பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் கடிதம் அவளுக்கு வரும்வரை மோதிரத்தில் கல் கட்ட வேண்டாம் என்று பத்தரிடம் சொல்லியாயிற்று. நாள் ஜூன் 29, ஒரு கடிதம் வர இரண்டு கிழமை பிடிக்கிறது, அதை நீயே கணக்குப் பார். கடைக்காரன் ஏமாற்றினான் என்று எழுதாதே, வெட்கத்தில் கடன்பட்டு வைரம் வாங்கவும் வேண்டாம். அந்த நாளுக்குள் அவளுக்கு உன் கடிதம் வராவிட்டால் நானே சுவாமியிடம் போய் நிச்சயதார்த்தம் இல்லை என்று சொல்லுவேன், அப்பாவுக்கும் அதுதான் முடிவு. நீ கெட்ட பிள்ளை இல்லை, குறைந்தவனாய்த் தெரியப் பயந்துவிட்டாய், அந்தப் பயத்தையும் சேர்த்து அவளுக்கு எழுது.

இரவு வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொள், பாணோடு மட்டும் நாளைப் போக்காதே. தேவதாயின் காவல் உன் வாசலில் நிற்கட்டும், எங்கள் கோயில் யாகப்பர் உன்னை வழிநடத்தட்டும். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. முதல் முத்திரையை அவளுக்கு எழுதுகிற கடிதத்தில் ஒட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா,
பெர்னடெட் செல்வரட்ணம்