பனி விழாத கண்ணாடி

இயேசு மரி சூசை துணை

புன்னக்காயல்,
பிப்ரவரி, ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஜோன்சுக்கு,

முத்துராணியைத் திருடி ஆக்கியவன் நீ. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். இனி மற்றது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். தங்கச்சி ரெனிஷா பாளையங்கோட்டைக் காலேஜிலிருந்து நேற்று வந்து இன்று மதியம் பஸ் ஏறிப் போனாள், விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நீயும் மஸ்கட் கப்பல் பட்டறையில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். இதை நீ மடித்து வைத்தாலும் உள்ளே எழுத்து அப்படியே இருக்கும். பைப் கடை அனஸ் காக்காவின் தம்பி முஆத் புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் உடன்குடிக் கருப்பட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். கருப்பட்டி கேட்டாய், கடிதம் கேட்கவில்லை. இரண்டும் வரும்.

கிறிஸ்துமசுக்கு நீ வந்த அன்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே, அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விடியுமுன் தொடங்கி ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்தால் விரல் வெளுத்துச் செத்துப்போகும், வெடிப்பில் உப்பு ஏறும், வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைப் போட ஆள் தேடவேண்டும். இறாலுக்கு ஐஸ் ரூம் கட்டிய கம்பெனிக்கு, உரிக்கிற பெண்களுக்கு ஒரு வாளி வெந்நீர் வைக்க இத்தனை வருஷமாய்த் தோன்றவில்லை. கேட்டபோது தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் ஒரு கம்பியை வாங்கிக் கொடுத்தார்கள். ஈரத்தரையில் நின்றுகொண்டு அதைத் தொட்ட பெண்ணைக் கரண்ட் தூக்கி அடித்தது, அதோடு அந்தக் கம்பி மூலைக்குப் போனது. நீதான் அதற்கு ஒரு வழி செய்தாய், அதை நான் மறைக்கமாட்டேன். லுங்கிக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்த பம்ப் என் உள்ளங்கையில் அடங்கியது. இதுவா தண்ணீர் தள்ளும் என்று அப்பா சிரித்தார். தூத்துக்குடியில் இடித்த லாட்ஜிலிருந்து வெயிலில் தண்ணீர் காய்ச்சும், கண்ணாடி போட்ட பழைய தட்டை வாங்கி வந்து ஐஸ் ரூம் மாடியில் சாய்த்து வைத்தாய். ஷெட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ், தண்ணீர் நிறைந்த டேங்க்கைத் தாங்காது, ஐஸ் ரூம் மாடியும் தாங்காது என்று டேங்க்கைக் கீழே நாங்கள் இறால் உரிக்கிற கூடத்துக்குள்ளேயே நிறுத்தினாய். மேலே இருக்கிற தட்டுக்கும் கீழே இருக்கிற டேங்க்குக்கும் நடுவில் தண்ணீரைச் சுற்றி விடத்தான் அந்தப் பம்ப். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்னச் சோலார் பலகை, பன்னிரண்டு வோல்ட், ஈரக்கையோடு தொட்டாலும் ஒன்றும் செய்யாது என்று நீயே கம்பியைப் பிடித்துக் காட்டினாய். வெயில் வந்தால் பம்ப் தானே எழும்பும், மேகம் வந்தால் தானே நிற்கும், சுவிட்ச் போட ஆள் வேண்டாம். எங்கள் பெண்கள் விடுவார்களா. ஏட்டி பாக்கியம், ஒம் மவன் பம்பும் அவனப் போலத்தான், கொஞ்சம் மேகம் கண்டா படுத்துக்கிடுது என்று ஒருத்தி ஆரம்பிக்க, கூடமே சிரித்தது.

சாயங்காலம் குழாயைத் திறந்தால் கை பொள்ளியது. முதலாளி வந்து டேங்க் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார், வெளிநாட்டில் இறால் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப, பெண்களை எப்படி வைத்திருக்கிறேன் பார் என்று காட்ட. அந்தப் போட்டோவில் எங்களில் ஒருத்தியும் இல்லை. ஆனால் எங்களுக்கு வெந்நீர் வேண்டியது விடியற்காலையில். காலையில் திறந்தால் தண்ணீர் பச்சைத் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தினமும் இப்படியே ஆனதும் சூப்பர்வைசர் நடராஜ், ராத்திரி யாரோ சூட்டை எடுத்துக்கிட்டுப் பச்சைத் தண்ணிய விடுதாவ என்று பேச்சை ஆரம்பித்தான். நீ மஸ்கட் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. டீ நேரத்தில் எல்லாப் பெண்களும் சுற்றி நிற்க, உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எங்கள் யாருக்கும் மறக்கவில்லை. டேங்க்கச் சுத்தி நான் கட்டியிருக்கிற பஞ்சுக் கனத்துக்கு ராத்திரி பூரா கெடந்தாலும் சூடு எறங்காது, யாரோ தொறந்து எடுக்காவ, சாவி யாருட்ட இருக்குன்னு பாருங்க என்றாய். வேலை அவசரம் என்று வைத்துவிட்டாய். இங்கே எல்லாத் தலையும் முத்துராணி பக்கம் திரும்பியது.

அவளை நீ பார்த்திருக்கிறாய், மாடிக்கு ஏணி பிடித்தவள். கொற்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். பக்கத்தில் இருப்பதால் கூடத்துச் சாவி அவளிடம். அந்த மகள் பிள்ளை பெற்று அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள், தினமும் வெந்நீர் ஊற்றவேண்டும். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா இவர்களுக்கு. கூடத்தில் மற்ற எல்லாரும் ஒருத்திக்கு ஒருத்தி மதினி, சித்தி, அத்தை என்று ஏதோ ஒரு முறை, அவளுக்கு மட்டும் இங்கே முறை சொல்ல ஆள் இல்லை. நான் அடுப்புலதான் வெந்நி போடுதேன், வந்து கரியப் பாருங்க என்றாள். ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. நான் அவ அப்படிப்பட்டவ இல்ல என்று கத்தினேன், ஒம் மவன்தானட்டி சொன்னான் என்று என் வாயை அடைத்தார்கள். இதைவிடக் கேவலம், இரக்கப்பட்டவர்கள். கேட்டிருந்தா ரெண்டு வாளி குடுத்திருப்போமே, எதுக்கு இப்படி எடுக்கணும் என்றாள் ஒருத்தி, நல்ல மனசோடு. நடராஜ் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தான், கூப்பிடும்போது வந்தாப் போதும் என்று முத்துராணியிடம் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மகளையும் பச்சைப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொற்கைக்கே போய்விட்டாள்.

இனிமேல் நான் சொல்லப்போவதைக் கவனமாய்ப் படி. சாவி என்னிடம் வந்த பிறகும் காலையில் தண்ணீர் ஆறித்தான் கிடந்தது. நடராஜிடம் சொன்னேன். அப்ப நீதான் எடுக்கியா பாக்கியம் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் கோயில் மணி அடிக்குமுன்னே போய்க் கதவைத் திறந்தேன். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. யாரும் திறக்கவில்லை, தண்ணீர் குறையவில்லை, சூடு மட்டும் போயிருக்கிறது. எங்கே போனது என்று குழாயைத் தடவிக்கொண்டே வந்தேன், மாடிக்குப் போகிற குழாய் கதகதப்பாய் இருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மாடி முழுக்கப் பனி. கைப்பிடிச் சுவர் நனைந்திருந்தது, சின்னச் சோலார் பலகையில் விரலால் பேர் எழுதலாம் போலப் பனி. உன் தட்டின் கண்ணாடி மட்டும் காய்ந்து கிடந்தது ஜோன்ஸ். கையை வைத்தேன், இளஞ்சூடு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. சூரியன் இன்னும் கடலை விட்டு வரவில்லை, பம்ப் தூங்குகிறது, தட்டு எப்படிச் சுடும். இறங்கி டேங்க்கைத் தொட்டேன், மறுபடி ஏறிக் கண்ணாடியைத் தொட்டேன், மறுபடி இறங்கினேன். இந்த வயதில் அந்த ஏணியில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்கியதை யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்தது என்றிருப்பார்கள். ராத்திரி முழுக்க டேங்க்கின் சூடு தானாகவே மேலே ஏறிப்போய் வானத்தில் கொட்டியிருக்கிறது. திருட்டுப்போன வெந்நீர் என் கைக்குக் கீழே இருந்தது.

ரெனிஷாவுக்குப் போன் போட்டேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சூடான தண்ணி லேசும்மா, மேல ஏறும், தட்டு ராத்திரி குளுந்துபோயி அதுல உள்ள தண்ணி கனத்துக் கீழ எறங்கும், பம்ப் இல்லாமலே சுத்திக்கிட்டே கெடக்கும், லாட்ஜுல டேங்க் மேல இருந்துச்சு அதனால இந்தத் தொந்தரவு கிடையாது, அண்ணன் டேங்க்கக் கீழ வெச்சதும் இத மறந்துட்டான் என்றாள். சோதித்துப் பார்க்க ஒரு வழியும் சொன்னாள். பம்ப் பக்கத்தில் நீ வைத்த சிவப்புக் கைப்பிடி வால்வை அன்று சாயங்காலம் வெயில் இறங்கியதும் அடைத்தேன். காலையில் குழாயைத் திறந்த பெண் ஐயோ என்று கையை இழுத்துக்கொண்டாள். வெந்நீர், மக்களே, விடியற்காலையில், ஐஸ் உடைக்கிற நேரத்தில். தொட்டிக்குள் கையை விட்டு நின்றேன். விரலுக்குள் ரத்தம் வந்து குத்துகிற வலி இருக்கிறதே, அது போல ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

தினமும் அடைத்துத் திறக்க முடியாது, காலையில் திறக்க மறந்தால் தட்டில் தண்ணீர் கொதித்துப்போகும் என்று ரெனிஷா பயமுறுத்தினாள். அதனால் காயல்பட்டினத்தில் அனஸ் காக்கா கடைக்குப் போனேன். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் விடுகிற வால்வு கேட்டேன், பித்தளையில் ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் கொடுத்தார். மாட்டிவிட்டுப் பார்த்தால் பம்ப் முனகுகிறது, தண்ணீர் நகரவில்லை. உன் பம்ப்புக்கு அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும் தெம்பு இல்லை. அப்பாதான், வள்ளத்துல தண்ணி தள்ளுற குழாயில லேசா ஒரு நாக்கு தொங்குமே, அது போதும்ட்டி என்றார். காக்கா அதையும் தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது பகலில் நாக்கு திறக்கிறது, ராத்திரி விழுந்து மூடிக்கொள்கிறது. மாடிக் கண்ணாடியில் மற்ற இடம் போலவே பனி விழுகிறது. அதை ஒரு நாள் ஏறிப் பார்த்து வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. காலையிலும் வெந்நீர் கிடைத்ததும் கூடம் என்ன பேசியது தெரியுமா. பாத்தியா, அவ போனதும் சரியாயிட்டு என்றார்கள். நான் வால்வு என்கிறேன், நாக்கு என்கிறேன், பனி என்கிறேன். நீ என்ன இன்ஜினியராட்டி என்கிறார்கள். கோபம் தாங்காமல் ஒரு சாயங்காலம் எல்லார் கண் முன்னாலும் அந்த நாக்கு வால்வைக் கழற்றிவிட்டேன். காலையில் தண்ணீர் ஆறிக் கிடந்தது, இப்ப யார் எடுத்தா என்றேன். நடராஜ் பைய வந்து, ராத்திரி கொற்கையிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பா என்றான். அதற்கும் சிரித்தார்கள். நான் செய்தது சரியானபடியால் அவள் இன்னும் பெரிய திருடி ஆகிவிட்டாள். இந்த ஊரில் பக்கத்தில் நின்று, வந்து பாருங்கள் என்று கூப்பிட்ட பெண்ணின் சொல்லுக்கு விலை இல்லை, மஸ்கட்டிலிருந்து போனில் வந்த ஒரு வரிக்கு விலை இருக்கிறது. அந்த வரியை நீதான் கொடுத்தாய்.

போன வாரம் கொற்கைக்குப் போய் முத்துராணியைப் பார்த்தேன். வெயிலில் உப்பளத்துக்குப் போகிறாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், கண்ணாடி, பனி, நாக்கு, எல்லாம். கேட்டுக்கொண்டே பேரப்பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, எக்கா, நீ நம்புறது எனக்குத் தெரியும், எனக்கு வெந்நியும் வேண்டாம், கோவமும் இல்ல, அந்த டீ நேரத்துல, அத்தன பேரு நிக்கும்போது, எந்தப் போனு என்னயத் திருடின்னு சொல்லிச்சோ அதே போனு இல்லன்னு சொல்லணும், அன்னைக்கு நான் வேலைக்கு வாரேன் என்றாள். இதை உனக்கு வாய்ஸில் அனுப்பினேன், கேட்டுவிட்டாய் என்று நீல அடையாளம் காட்டியது. அதான் சரியாயிட்டுல்லம்மா, விடுங்க என்று ஒரு வரி போட்டாய். எது சரியாயிற்று. தண்ணீர் சரியாயிற்று. நடராஜுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிடுகிறேன் என்று நினைக்காதே, அவன் அதைத் தட்டி அழித்துவிட்டு டீ குடிக்கப் போவான். ஸ்பீக்கரில் சொன்னதை ஸ்பீக்கரில்தான் எடுக்கவேண்டும். தலை குனியச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் குனி. அவள் குனிந்து போனாளே.

நீ கெட்டவன் இல்லை. அந்தப் பம்ப்பை லுங்கிக்குள் சுற்றி வைத்தவன் கெட்டவனாய் இருக்கமுடியாது. என் கை இப்போது வெடிப்பு ஆறி, இந்தக் கடிதம் முழுவதையும் நிறுத்தாமல் எழுதுகிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். மாதா உன்னைத் தன் கண் முன்னால் வைத்துக்கொள்ளட்டும், கடலும் இரும்பும் உன்னைக் காயப்படுத்தாமல் இருக்கட்டும். கருப்பட்டியை ஈரம் படாத டப்பாவில் போட்டு வை, எறும்பு வரும். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார்.

உன் அம்மா,
பாக்கியம்

என் போனை நான் தினமும் டீ நேரத்தில் இறால் தட்டுக்குப் பக்கத்தில், சத்தத்தை முழுசாய் வைத்து, எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறேன். நேற்றும் அது அடிக்கவில்லை. என்றைக்குக் கூப்பிடப்போகிறாய், சொல்லு.