கிருத்திகை அன்னைக்குப் போட்ட பொம்மைப் படம்

அன்புள்ள அபிக்கு,

நைனா எழுதறேன். மலைமேல இருக்கிறவன் தயவுல எனக்கு ஒரு குறையும் இல்ல, நீயும் கனடாவுல வேளாவேளைக்கு சாப்ட்டுகினு சொகமா இருப்பன்னு நம்பறேன். போன் இருக்கும்போது இதென்ன லெட்டர்னு நினைப்ப. உன் குரலைக் கேட்டா மறுபடியும் பொய் சொல்லிடுவேன், அதான்.

ஆடிக் கிருத்திகைக்கு உங்க தாயாரம்மா அத்தை, சுப்பிரமணி மாமா, பேரப்பசங்க எல்லாம் அம்மையார்குப்பத்துல இருந்து காவடி எடுத்துகினு வந்தாங்க. மலை இறங்கி நம்ம வீட்டுக்கு வந்தப்ப இன்னும் கழுத்து மாலையைக் கூட கழட்டல, பசங்க மொட்டைத் தலையில சந்தனம் காயல. நான் சும்மா இருந்திருக்கலாம். எம்பொண்ணு வேலை செஞ்ச பொம்மைப் படம் வந்திருக்கு, எல்லாரும் உக்காருங்கன்னு பந்தாவா சொல்லிட்டேன். அனுப்பும்போதே நீ சொன்ன, முதல்ல தனியா பாரு நைனான்னு. பொம்மைன்னா குழந்தைங்க பாக்கறது தானே, இதுல தனியா பாக்க என்ன இருக்குன்னு நினைச்சேன், என் புத்தியை செருப்பால அடிக்கணும். பக்கத்துக் கடை டூவீலர் மெக்கானிக் பாஷா பாய் தான் போன்ல இருந்து டிவிக்கு போட்டுக் குடுத்துட்டு அவரும் உக்காந்தாரு.

பத்து நிமிஷம் ஆவல. தொப்பையும் வழுக்கையுமா அந்த ஆள் பொம்மை பீர் குடிச்சிது, அப்புறம் ஒட்டுத்துணி இல்லாம குளிச்சிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு அழுவுது. அத்தை முந்தானையால பசங்க கண்ணைப் பொத்திகினு, மாலை போட்டவங்க எதிர்ல போடற படமாடா இதுன்னு கத்தினாங்க. சின்னப் பேத்தி முந்தானைக்கு உள்ள இருந்தே அவரு ஏன் அழுவறாருன்னு கேட்டுகினே இருந்தா. அடுத்ததா அந்த ஆள், நல்லா ஓடற ஃபிரிட்ஜைக் கெட்டுப்போச்சுன்னு கம்பெனிக்கு போன் பண்ணி, அங்க பேசற பொண்ணுகிட்ட பேச்சை வளத்துகினே இருந்தாரு. எந்த லூசுடா இப்படி பண்ணுவான்னு மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் அவரை விட சத்தமா சிரிச்சேன் அபி. அதோட விட்டேனா? அபி இதுல மேசை நாற்காலி தான் செஞ்சா, அந்த ஆளை செஞ்சது யாரோ வெள்ளைக்காரன்னு சொல்லி டிவியை அணைச்சிட்டேன். துளித்துளியா நகத்தி நகத்தி போட்டோ எடுத்து, நாளெல்லாம் நின்னா நாலு செகண்டு தான் வரும்னு நீ சொல்லியிருக்க. ரெண்டு வருஷ உழைப்பை ஒரே பேச்சுல எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டேன்.

பாஷா பாய் மட்டும் சிரிக்கல. மறுநாள் நம்ம கடைக்கு வந்து, நான் மோட்டாருக்கு காயில் கட்டிகினு இருக்கிறதையே பாத்துகினு நின்னாரு. அந்த ஆள் போனைத் தொடறதுக்கு முன்னாடி உள்ளங்கையையும் புறங்கையையும் சட்டையில துடைக்குது பாத்தியா வேணு, அபி போன் வந்தா நீ அப்படித்தானப்பா துடைப்பன்னாரு. காயிலுக்குப் பூசற வார்னிஷ் கையில ஒட்டிகினே கெடக்கும் இல்லையா, அது எனக்குப் பழக்கம். எனக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. மத்தியானமே கடையை சாத்திட்டு வந்து முழுசா பாத்தேன், எனக்காக நீ கீழ போட்ட தமிழ் எழுத்தை ஒண்ணு விடாம படிச்சேன். வெக்கமா இருந்துது. அந்த ஆளைப் பாத்து இல்ல, சிரிச்ச என்னைப் பாத்து.

உங்கம்மா வசந்தி போயி நாலு வருஷம் ஆவுது. கேஸ் புக்கு எங்கன்னு கேட்டு உனக்கு போன் பண்ணேனே, அது என் தலைமாட்டுல தான் இருந்துது. கரண்ட் பில்லு கட்டறது எப்படின்னு மூணு தரம் கேட்டேன், எனக்குத் தெரியும். போன மாசம் மிக்ஸி ஓடலன்னு சொன்னேன், நீயும் வயரைப் பாரு, சுவிட்சைப் பாருன்னு பொறுமையா அரைமணி நேரம் சொல்லிக் குடுத்த. மோட்டார் கட்டறவன் வீட்டு மிக்ஸிக்கு இன்னொருத்தர்கிட்ட எதுக்கும்மா யோசனை? உனக்கு அது தெரியாதா? தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல நீ.

அத்தைக்கு போன் பண்ணி, அந்த ஆளை செஞ்சது எம்பொண்ணு தான், யாரைப் பாத்து செஞ்சான்னும் சொல்லிட்டேன். அதுக்கு அவங்க சாப்ட்டியாடான்னு கேட்டாங்க. நீயும் நைனாவை மன்னிச்சிடு.

உன் கைக்கு ஒரு குறையும் வராம, நினைச்சதெல்லாம் நடந்து நல்லா இரு கண்ணு. ஞாயித்துக்கிழமை மறக்காம போனைப் பக்கத்துல வச்சிக்கோ. நான் பண்ணுவேன். எதுவும் ரிப்பேர்னு சொல்ல மாட்டேன், சும்மா தான் பண்ணேன்னு சொல்லுவேன்.

இப்படிக்கு
உன் நைனா
வேணு, திருத்தணி