கல்லின்மேல் கைக்குட்டை

நேற்று மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். ஜன்னலோரம் இருந்த ரோஸ் குவார்ட்ஸ் கல்லின்மேல் கைக்குட்டை இல்லை. மேற்கு வெயிலில் கல் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நீ எனக்கு முதலே வந்துவிட்டாய் என்று நினைத்து, செருப்பைக் கழற்றியபடி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன் பையை மட்டும் நான் கொண்டுவந்து ஒரு வருடம் கடந்துவிட்டது.

மாத்தளைப் பக்கம் வீதியோரக் கடையொன்றில் நீ வாங்கிய கல் அது. வெள்ளவத்தையில் நாம் இருவரும் இந்த அறைக்குக் குடிவந்த அன்றே, ஜன்னல் கண்ணாடியில் அந்தக் கல்லால் ஒரு கோடு கீறிக் காட்டினாய். கீறல் இன்னும் இருக்கிறது. பாறைக்குழம்பு பூமிக்குள் மிக மெதுவாக ஆறி, கடைசியில் மிஞ்சியது இறுகி உண்டான கல்லாம். உள்ளே ஓடும் கண்ணுக்குத் தெரியாத நார்கள்தான் அந்த நிறமாம். நிலவியல் படித்தவள் நீ. எனக்குத் தெரிந்ததெல்லாம், அதில் மாலையும் வளையலும் செய்து, காதல் கொண்டுவரும் என்று விற்கிறார்கள் என்பதுதான். சொன்னேன்.

"கொண்டு வாறதெண்டால், நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருந்து நூடில்ஸ் அவிப்பமே?" என்றாய்.

"கனநாள் வெயில்ல கிடந்தால் வெளிறும். போன நிறம் திரும்பி வராது" என்று, காலையில் உன் கைக்குட்டையால் மூடிவிட்டுத்தான் வெளிக்கிடுவாய். மாலையில் முதலில் வருகிறவள் அதை எடுக்க வேண்டும். கல் திறந்திருந்தால் மற்றவள் வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். அநேகமாக நீதான் முதலில் வருவாய்.

நேற்று எடுத்தது வீட்டுக்கார அன்ரி. குழாய் திருத்த ஆளைக் கூட்டிவந்திருக்கிறார். என் குரல் கேட்டு மேலே வந்தார்.

"கல்லுக்கு என்னத்துக்குப் பிள்ளை முக்காடு? லேஞ்சி ஊத்தையாக் கிடந்தது, தோய்ச்சுப் போட்டனான்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆரைக் கூப்பிட்டனீ?"

"ஒருத்தரையும் இல்லை, அன்ரி."

ஒரு மாலை வெயிலில் நிறம் போய்விடாது. ஆனால் தினமும் மூடாமல் போனால், கதவைத் திறக்கும் அந்த ஒரு கணம் தினமும் நீ வீட்டில் இருப்பாய். கல் வெளிறினால் வெளிறட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

இன்று காலை கைக்குட்டை காய்ந்திருந்தது. நீ செய்வதுபோலவே நாலு மூலையையும் இழுத்துவிட்டுக் கல்லை மூடினேன்.

மாலையில் அதை எடுக்க நான்தான் வரவேண்டும்.