ஜாம்பியாவில் நீ பார்த்த புள்ளிமான்

கோபத்தில்கூட என்னைச் ‘சாமி’ என்றே கூப்பிட்ட அண்ணாவுக்கு,

அண்ணி நன்றாக இருக்கிறார். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆட்டையாம்பட்டி வீட்டில் உன் படத்துக்குப் போட்டிருந்த மாலையை நான்தான் கழற்றி வைத்தேன். அதோடு பார்த்தபோது நீ யார் வீட்டுப் பெரிய மனுஷனோ மாதிரி இருந்தாய்.

சேலத்து உயிரியல் பூங்காவில் எனக்கு அதே வேலைதான். மான்களுக்குத் தீவனம் வைக்கிறேன், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறேன். நம் நோட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இடது பக்கம் என் பூங்காவின் பாலூட்டிகள். வலது பக்கம், போர்வெல் வண்டியோடு ஜாம்பியா போன நீ, ஞாயிற்றுக்கிழமை லீவில் அங்கே ஒரு பூங்காவில் பார்த்துவிட்டுச் சொன்னவை. நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாய். நான் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுவேன்.

முதலையைச் சேர்க்கச் சொல்லி ஒரு மாதம் மல்லுக்கு நின்றாயே! “அத்தாம் பெருசு கெடக்குது, அதுக்கு ஒரு வரி குடுக்க மாட்டியா?” குட்டி போட்டுப் பால் கொடுத்தால்தான் வரி என்று சொல்லிவிட்டேன். உன் பக்கம் வரிக்குதிரை, கழுதைப்புலி, பபூன் குரங்கு. என் பக்கம் கடமான், நரி, நாட்டுக்குரங்கு. முள்ளம்பன்றி மட்டும் இரண்டு பக்கத்திலும் இருந்தது. “இங்கயும் பகலெல்லாம் தூக்கந்தான் சாமி” என்று நீ சிரித்த சிரிப்பு அந்த மெசேஜில் அப்படியே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இத்தனை நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

“சாமி, இங்க ஒரு புள்ளிமான் நிக்குது. நம்மூர்ப் புள்ளிமானேதான். ஒத்தையா நிக்குது, பாவமா இருக்குது” என்று அனுப்பினாய். எழுதினேன். அப்புறம் சிவப்புப் பேனாவால் அடித்தேன். புள்ளிமான் நம் பக்கத்து மான், ஆப்பிரிக்காவில் எப்படி இருக்கும் என்று எனக்கு அவ்வளவு திமிர். மைசூரில் வரிக்குதிரையை நாம் இருவரும் சேர்ந்துதானே பார்த்தோம்? அது இங்கே வரும் என்றால் இது அங்கே போகாதா? அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

“அங்க எத்தனையோ மான் இருக்குதுண்ணா. புள்ளி இருந்தாப் புள்ளிமான் ஆயிருமா? நான் தெனமும் பாக்கறவ. நீ போர் போடறவன், அத மட்டும் பாரு.” இதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது. “செரி சாமி” என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த வாரம் காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்த வாரம் பெட்டியில் வந்தாய்.

போன மாதம் உன்னோடு வண்டியில் இருந்த முருகேசன் லீவில் வந்தான். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழமை காய்ச்சலோடதானுங்க அந்தப் பார்க்குக்குக் கெளம்புனாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கண்ணான்னு சொன்னனுங்க. தங்கச்சிக்கு அந்த மானைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டு நாளைக்குப் போய்க்கலாம்னுட்டாரு. நானும் கூடப் போனனுங்க. மழைக்கு அது கொட்டகைக்குள்ள போயிருச்சு. வெளிய வரட்டும்னு மத்தியானம் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நின்னாருங்க.”

நீ அவன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான். நனைந்த கம்பிவலை, புல், ஓரத்தில் உன் கட்டைவிரல். மான் இல்லை.

அந்த ஒரு நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாயா அண்ணா? முருகேசனிடம் கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினான். அன்றிலிருந்து நான் கம்பிவலை எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் வேலையோ கம்பிவலைக்குள்ளேதான்.

நேற்று சாயங்காலம் தீவனத்தை வைத்துவிட்டு, மான் பட்டிக்குள் நின்றபடியே அந்தப் பழைய மெசேஜைப் போட்டேன். உன் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். ‘ஒத்தையா நிக்குது’ என்று நீ சொன்னதும், அந்த மெசேஜிலேயே உன் குரலுக்குப் பின்னால், தூரத்தில் கூர்மையாக ஒரு குரல் கேட்டது. எதையோ கண்டு மிரண்ட புள்ளிமானின் குரல். அதைத் தினமும் கேட்கிறவள் நான். அன்றைக்கு உன்னோடு சண்டை போடும் அவசரத்தில் என் காதில் அது விழவே இல்லை.

தின்றுகொண்டிருந்த மான்கள் அத்தனையும் தலையைத் தூக்கின. ஒன்று முன்னங்காலைத் தரையில் தட்டியது. நான் நம்பாத சேதியை அவை ஒரு நொடியில் நம்பின. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மெசேஜ் முடிந்த பிறகும் அவை தலையைத் தாழ்த்தவில்லை. போனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி நின்றன. வெகுநேரம் நின்றன. பயந்தேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

ஆனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை அண்ணா. இனியும் பார்க்க மாட்டேன், இது சத்தியம். நீ வந்து நின்றாய் என்று அவை சொல்கின்றன. அதற்கும் ஆதாரம் கேட்டு உன்னை இன்னொரு தரம் மழையில் நிற்க வைக்க மாட்டேன்.

உன்னை நம்பத் தாமதித்த,
உன் தங்கை