இரண்டு விரல் இடைவெளி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரைவாளர்,
மூன்றாம் வீடு, பாலத்தடித் தெரு.

பெறுநர்:
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை.

பொருள்: ஆற்றுப்பாலத்தில் என் மனுவின்பேரில் அடைக்கப்பட்ட இடைவெளியை உடனே திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் பாலத்துக்கு ஆற்றின் நடுவில் தூண் கிடையாது. கட்டும்போது அங்கே அறுபது அடி தோண்டியும் களிமண்தான் வந்ததாம். ஆகவே அன்றைய பொறியாளர் இரு கரைகளிலிருந்தும் கை நீட்டியதுபோல் இரண்டு பகுதிகளைக் கட்டி, அவற்றின் நுனிகள்மேல் நடுத்துண்டை வைத்தார். அதன் ஒரு முனை அசையாது. மறுமுனை இரும்பு உருளைகள்மேல் இருக்கிறது. வெயிலில் பாலம் நீளும்போது நகர இடம் வேண்டுமென்று அங்கே இரண்டு விரல் இடைவெளி விட்டார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகப் பாலம் நிற்பது அதனால்தான்.

2. அந்த இடைவெளியைச் சக்கரம் தாண்டும்போதெல்லாம் 'டடக்' என்று சத்தம் வரும். பேரன் கண்ணயரும் நேரமெல்லாம் அது எழுப்பிவிட, எனக்குப் பொறுமை போய்விட்டது. சென்ற நவம்பரில் தெருவினரிடம் கையொப்பம் வாங்கி மனு கொடுத்தேன். பதினோராம் நாள் ஆட்கள் வந்து இடைவெளியில் கான்கிரீட்டை நிரப்பிவிட்டுப் போனார்கள். இத்துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான். இந்த வேகத்தை அதற்குமுன் கண்டதில்லை.

3. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பாலத்தின் வரைபடத்தை மூன்று முறை படியெடுத்தவள் நான். அந்த இடைவெளியை என் கையாலேயே வரைந்திருக்கிறேன். மனு எழுதும்போது அது புத்தியில் உறைக்கவில்லை. சத்தம் நின்றதும் தெருவே நன்றி சொன்னது, நானும் வாங்கிக்கொண்டேன்.

4. பிப்ரவரியில் வெயில் ஏறியதும் கிழக்குக் கையின் நுனியில் மயிரிழை விரிசல் தெரிந்தது. இன்று அதில் நாணயத்தின் விளிம்பு நுழைகிறது. நீள இடமில்லாமல் பாலம் தன்னையே நெரித்துக்கொள்கிறது. கான்கிரீட் தரமானது என்பதில் ஐயமில்லை. அது கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. உதவிப் பொறியாளரிடம் நேரில் சொன்னேன். "சத்தம் வந்தாலும் மனு, நின்னாலும் மனுவாம்மா?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

5. என் மகள் பேருந்து ஓட்டுநர். நாளொன்றுக்கு எட்டு முறை இப்பாலத்தைக் கடக்கிறாள். விடுப்பு எடு என்றேன். "நான் போகலேன்னா வேற ஒருத்தர் அதே வண்டிய ஓட்டுவாங்கம்மா" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

ஆகவே, கனரக வாகனங்களை உடனே மாற்றுப்பாதையில் திருப்பி, கான்கிரீட்டை வெட்டியெடுத்து, உருளைகள் நகர்கின்றனவா என்று பார்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறான மனு கொடுத்த என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். அதைப் பிறகு எடுங்கள். என் மகளின் முதல் நடை நாளைக் காலை 6.40-க்கு.

இடம்: பாலத்தடித் தெரு
நாள்: மார்ச் 19

பணிவுடன்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற வரைவாளர்