ரோஸ் அட்டை

டீச்சர்,

மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டும் சிவப்பு அட்டையை இனி ரோஸ் அட்டையாக மாற்றுவது என்று நம் பள்ளி மேலாண்மைக் குழு சென்ற மாதம் ஏகமனதாக முடிவெடுத்தது. சிவப்பு பிஞ்சு மனத்தைப் புண்படுத்துமாம். புதிய தலைமையாசிரியர் முன்மொழிந்தார். வார்டு உறுப்பினர் வழிமொழிந்தார். வந்திருந்த தாய்மார்கள், போண்டா ஆறிவிடும் என்பதால், உடனே கைதூக்கினார்கள். அந்தக் கணத்திலிருந்து மூக்கண்டப்பள்ளியில் சிவப்பில் இருக்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

குப்பைக்குப் போன உங்கள் பழைய அட்டைகளை எடுத்து வைத்திருந்தேன். இன்று காலை அலமாரியைக் காலி செய்தபோது கையில் பட்டன. மைதாவில் மயில்துத்தம் போட்டு நீங்கள் காய்ச்சிய பசையின் வாடை இன்னும் போகவில்லை. கோடை விடுமுறையில், ஒரு வேலைநாளுக்கும் இழப்பில்லாமல் இறந்துபோனவர் நீங்கள். வாடைக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை.

நீங்கள் வந்தபோது, உங்களோடு சேர்த்து, பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். தொழிற்பேட்டை லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தீர்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், ஒடிசாவிலிருந்து அப்போதுதான் ரயில் இறங்கியவர்கள். எண்ணிக்கை ஏறியது, மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கிடைத்தது. அந்தப் பணியிடம்தான் நான். பிள்ளைகள் குறைந்தால் அது போய்விடும் என்பது விதி. பிள்ளைகள் கூடினால் சராசரி போய்விடும் என்பது அனுபவம். தமிழில் கேட்ட கணக்கு புரியாத ஒடிசாப் பிள்ளைக்குக் கணக்கே வராது என்றுதான் அறிக்கை சொல்லும். சேர்க்கையை உயர்த்து என்று ஒரு சுற்றறிக்கை வரும், சராசரியை உயர்த்து என்று இன்னொன்று வரும். இரண்டும் ஒரே கவரில் வந்ததும் உண்டு.

"ரெண்டும் எப்படி டீச்சர் முடியும்?" என்று கேட்டேன்.

"மொதல்ல சேத்துக்குங்க சார். சேக்காத புள்ளைக்கு சராசரி ஏது?" என்றீர்கள்.

சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 'வாய்' நியமிப்பீர்கள். "இவளுக்கு யாருடா வாய்?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்பீர்கள். ஒடிசாவிலிருந்து வந்த சிறுமி மாமுனிக்கு ஒடியாவும் கொஞ்சம் இந்தியும்தான் தெரியும். பாத்திரக்கடை பாயின் மகள் ஜாஸ்மின், கடைக்கு வருகிறவர்களிடம் பேரம் பேசியே இந்தி கற்றவள். அதனால் ஜாஸ்மின்தான் வாய். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை மாமுனியிடம் கணக்குக் கேட்டார். கேள்வி ஜாஸ்மின் வழியாகப் போனது, விடை அதே வழியாகத் திரும்பி வந்தது. "என்னம்மா, கண்ணு முன்னாலயே காப்பி அடிக்க விடறீங்க?" என்றார் அவர். நீங்கள் நிமிராமலே சொன்னீர்கள்: "காப்பி இல்லீங்க சார். பதில் பஸ் மாறி வருது. கொஞ்சம் பொறுங்க."

அவர் பொறுக்கவில்லை. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை நிற்கிறது, பிள்ளைகள் வரவில்லை என்றால் அதிகாரிகள் ஒப்புக்கொள்கிறார்கள். குறுக்கே மொழி நிற்கிறது என்றால் ஆதாரம் கேட்கிறார்கள்.

இந்த மாதம் வாசிப்புத் தேர்வு வந்தது. முந்தின நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"ரோஸ் புள்ளைங்க நாளைக்கு வேணாம் சார். வீட்ல இருக்கட்டும்."

"ஆள் குறையுமே சார். அப்புறம் பணியிடத்துல கை வெப்பாங்க."

"ஆளையா பாக்க வராங்க? வாசிப்பைப் பாக்க வராங்க."

"டீச்சர் இருந்தப்ப ஒரு புள்ளையக்கூட..."

"டீச்சர் இருந்தாங்க. சராசரி இருந்துச்சா சார்?"

மறுநாள் மற்ற ரோஸ் பிள்ளைகள் சொன்னபடி வரவில்லை. மாமுனியின் அம்மாவுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை, அது தமிழில் போயிருந்தது. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, தலைசீவி ரிப்பன் கட்டிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தலைமையாசிரியர் வாசலிலேயே, "இன்னிக்கு லீவும்மா" என்றார். அந்த அம்மா உள்ளே இருந்த பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஜாஸ்மின் ஓடி வந்து ஏதோ சொன்னாள். இருவரும் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

"என்னம்மா சொன்ன?"

"மாமுனிக்கு மட்டும் கவர்மெண்டுல லீவு குடுத்திருக்காங்கன்னு சொன்னேன் சார். அவளுக்கு ஒரே சந்தோஷம்."

தேர்வு பிரமாதமாக நடந்தது. ஒன்றியத்திலேயே முதல் சராசரி என்று கைகுலுக்கினார்கள், மைசூர்பாகு வந்தது. தேர்வு நடத்த வந்தவரோடு இன்னொருவரும் வந்திருந்தார். அவர் மைசூர்பாகைத் தொடவில்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகத் தலை எண்ணினார்.

"பேரு இருக்கு. புள்ளைங்க எங்க சார்?"

தான்தான் வரவேண்டாம் என்றதாகத் தலைமையாசிரியர் சொல்லலாம். சொன்னால் சராசரி போய்விடும். "வயித்துவலி சார்" என்றார்.

"இத்தனை பேருக்குமா?"

"ஒரே தண்ணி சார்."

"சார், வரவேணாம்னு..." என்று நான் தொடங்கினேன். "மைசூர்பாகு எடுத்துக்குங்க சார்" என்று தலைமையாசிரியர் என் கையில் தட்டைத் திணித்தார். கைகளால் அதைப் பிடித்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தேன். வந்தவர் சிரித்தார். பேருக்குச் சேர்த்துக் கணக்குக் காட்டும் பள்ளிகளை அவர் நிறையப் பார்த்தவராம், பணியிடம் போகும் என்றால் யாரும் எதுவும் சொல்வார்களாம். வராத பெயர்களையெல்லாம் பென்சிலால் சுழித்தார்.

உங்கள் மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது, டீச்சர். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். புதுப் பிள்ளை எது வந்து நின்றாலும் வாய் தானாகக் கேட்கிறது, "இவளுக்கு யாருடா வாய்?" அதையும் சிவப்பு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

மாமுனி மறுநாளே வந்துவிட்டாள். அடுத்த கவர்மெண்ட் லீவு எப்போது என்று ஜாஸ்மினைக் கேட்கச் சொன்னாள்.

சுழித்த பெயர்களைக் கழித்ததில் என் பணியிடம் உபரி என்று பணிநிரவல் ஆணை நேற்று வந்தது. எனக்கு ராயக்கோட்டைப் பக்கம். திங்கள்கிழமை முதல் என் மூன்றாம் வகுப்பு ஐந்தாம் வகுப்போடு சேர்ந்து உட்காரும்.