இரண்டு மணி இருபது

இன்று ஆஸ்பத்திரிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். உன் அலமாரிக் கதவைச் சுரண்டியபோது, ஸ்கெட்ச் பேனாவால் நீ எழுதிய உன் பெயர் மட்டும் போகவில்லை. "இது யாரு சிஸ்டர்?" என்று பெயின்டர் கேட்டார். "முன்ன இங்க வேல செஞ்சவங்க" என்றேன்.

நீ ஏனாமில் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஒன்றாக நர்சிங் படித்தோம். ஒரே பங்குக் கோயில். பாகூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டபடி வேலைக்கு வருவோம். வார்டுக்குள் நுழையுமுன் நீ சிலுவை போட்டுக்கொள்வாய். "நம்மள நம்பி உட்டுட்டு வெளிய நிக்கிறாங்கடி. ஆண்டவரு நம்மகிட்டதான் கேப்பாரு" என்பாய்.

கரும்பு வெட்டும் கூலிப் பெண் ஒருத்தியை அவள் புருஷன் ஆட்டோவில் கொண்டுவந்தபோது அவளுக்கு ரத்தம் நிற்கவேயில்லை. டூட்டி டாக்டர் வெளியே போயிருந்தார். இரண்டு மணி இருபதுக்கு நீ போன் செய்தாய். "நான் வந்து பாக்கிறேன், அதுவரைக்கும் டவுனுக்கு அனுப்பாதீங்க" என்றார். வந்தபோது நாலரை. டவுனுக்குப் போகும் வழியில் ஆம்புலன்சிலேயே அவள் போய்விட்டாள்.

அன்றே டாக்டர் நம் இருவரையும் கூப்பிட்டு, போன் வந்தது நாலு மணிக்கு என்று பதிவேட்டில் மாற்றச் சொன்னார். நீ மாட்டேன் என்றாய். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொம்பளைக்கு இனிமே நம்ம குடுக்க முடிஞ்சது இந்த உண்ம ஒண்ணுதான்டி" என்றாய். எனக்குப் படுக்கையில் மாமியார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. என்னை எங்காவது தூக்கிப் போட்டுவிட்டால்? பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். விசாரணையிலும் நாலு மணி என்றேன்.

போன் செய்யத் தாமதித்த பழி உன் தலையில் விழுந்தது. அந்தப் புருஷன் ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்காத கேள்வி இல்லை. நீ நின்று கேட்டுக்கொண்டாய். உன்னை எங்கோ ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாமுக்கு மாற்றினார்கள். மறு வருஷம் மஞ்சள் காமாலை. உன் அடக்கப் பூசையில் நான் கடைசி வரிசையில் நின்றேன்.

பிறகு கோயிலில் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "சம்பந்தப்பட்டவங்ககிட்ட போய்ச் சொல்லும்மா" என்றார் பங்குச் சாமியார். அவர்கள் ஊரான குருவிநத்தத்துக்குப் போய் அந்தப் பெண்ணின் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த நர்சம்மா உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாமே சிஸ்டர். நான் அவங்கள இன்னா பேச்சு பேசிட்டேன். இப்ப யார் கால்ல போய் உழறது?"

என்னை உட்காரச் சொல்லவில்லை. மேலிடத்துக்கும் எழுதினேன். ஃபைல் முடிந்துவிட்டது என்றார்கள். டாக்டர் பெரிய பதவிக்குப் போய்விட்டார். இங்கே பொறுப்பு சிஸ்டர் இப்போது நான்தான். ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்க நான் எழுந்திருப்பதில்லை.

என்னிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான். விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நீ என்னைத் திட்டவில்லை. "ரொம்ப பயந்துட்டியாடி?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தேன். "ஆமாம்" என்றாவது சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க நான் சொன்னதில் அது ஒன்றாவது உண்மையாக இருந்திருக்கும்.